போர்த்திவிடும் அக்கா

எங்கள் அதியமான்கோட்டையில் ஓர் அக்கா இருந்தார். சுவரில் ஒட்டியிருக்கும் பெண்களுக்குத் துணி போர்த்திவிடுவார். கேட்டால் சிரிப்பு வரும். சிரித்துவிட்டே படியுங்கள், தப்பில்லை. ஊரே முதலில் சிரித்ததுதான்.

என் மகளும் மகனும் படிக்கட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, அவர்கள் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் படித்தால் நல்லது என்று பட்டது. நான் ஒன்பதாவதோடு நின்றவன். பைபாஸ் ஓரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யார் பேரையும் கேட்காதீர்கள். ஒரு பெண்ணின் பேர் ஊர் வாயில் விழுந்து என்ன ஆனது என்பதைச் சொல்லப்போகிறேன். அதனால் இதில் ஒருவர் பேரும் வராது.

நான் கடை போட்ட புதிதில் எங்கள் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் காலைக் காட்சி ஓடும். படம் வயது வந்தவர்களுக்கு மட்டும். போஸ்டர் எல்லாருக்கும். ரேஷன் கடைச் சுவர், பால் சொசைட்டிச் சுவர், பைரவர் கோவிலுக்குத் திரும்புகிற முக்கு, எங்கே பார்த்தாலும் அரைகுறைத் துணியோடு ஒரு பெண் நின்றுகொண்டிருப்பாள். பள்ளிக்கூடம் போகிற பெண் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு அந்த இடத்தைத் தாண்டுவார்கள். பையன்கள் குனியமாட்டார்கள்.

அக்காவுக்குத் தொழில் பேப்பர் கவர் ஒட்டுவது. பழைய பேப்பரை வெட்டி, மடித்து, ஒட்டி, மளிகைக் கடைகளுக்கும் கோவில் வாசலில் பூ, விபூதி விற்கிறவர்களுக்கும் போடுவார். வீட்டில் எந்நேரமும் மைதாப் பசை இருக்கும். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் துளி மயில்துத்தம் கலப்பார். அந்த நீலம் அவர் விரல் இடுக்கில் எப்போதும் இருக்கும். காலையில் கவர்க் கட்டைத் தலையில் வைத்துக் கடைகளுக்குப் போகும்போது கையில் ஒரு பசை வாளியும் தொங்கும். வழியில் போஸ்டரைக் கண்டால் கட்டை இறக்கிவைத்துவிடுவார்.

கிழிக்கமாட்டார். சாணி அடிக்கமாட்டார். பேப்பரைக் கொசுவம் வைத்த மாதிரி மடித்து, இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் ஒட்டுவார். இன்னொரு தாளைத் தோளில் முந்தானை மாதிரி போட்டு இழுத்துவிடுவார். கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பார். எங்காவது சின்ன இடம் தெரிந்தால் திரும்பப் போய் ஒரு துண்டு ஒட்டுவார். பிறகு "போத்தி வுட்டாச்சு" என்று சொல்லிவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொள்வார். சொல்வது எங்களிடம் இல்லை. அந்தப் போஸ்டரில் இருக்கிற பெண்ணிடம்.

"ஏங்க்கா, உனக்கு வேற வேலயே இல்லியா?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

"இருக்குது. அதயும் செஞ்சுட்டுத்தான் இதச் செய்யறேன். நீ டீயக் குடிச்சுட்டு வூட்டுக்குப் போ. உம் பொண்டாட்டி தேடப்போறா."

வாய்க்குக் குறைச்சல் இல்லாதவர். ஒரு தடவை அவர் ஒட்டிய பேப்பரில் ஒரு கட்சித் தலைவரின் பெரிய படம் இருந்துவிட்டது. அது போஸ்டர்ப் பெண்ணின் மார்பில் போய் நேராக உட்கார்ந்துவிட்டது. கட்சிக்காரர்கள் வண்டியில் வந்து இறங்கினார்கள்.

"எங்க தலைவர எங்க கொண்டாந்து ஒட்டியிருக்கற, பாரு!"

அக்கா நிதானமாகத் திரும்பிப் பார்த்தார். "மானத்தக் காப்பாத்தறதுக்குத்தானப்பா தலைவரு? காப்பாத்தட்டும் வுடு."

வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். இருந்தாலும் அவர்கள் போன பிறகு அந்தத் தாளின் மேல் கிரிக்கெட் பக்கத்தை ஒட்டினார்.

தியேட்டர் மேனேஜர் ஒருநாள் டி.வி.எஸ். பிஃப்டியில் காற்று அடிக்க என் கடைக்கு வந்தார். அக்கா அப்போது என் கடைச் சுவரில்தான் வேலையாக இருந்தார். சண்டை வரும் என்று பயந்தேன். மேனேஜர் கும்பிட்டார்.

"ஒட்டுங்கக்கா, நல்லா ஒட்டுங்க. நீங்க போத்தி வுட்ட ஊர்லதான் எனக்குக் கூட்டம் அதிகம். உள்ள என்னாத்த மறச்சு வச்சுருக்காங்கன்னு பாக்கறதுக்கே வரான்."

அக்கா கை நின்றது. பசையைத் தொட்டுக்கொண்டு, "பாக்கறவன் பாக்கட்டும். பாக்க வேணாம்னு நெனைக்கறவளுக்கு ஒரு வழி வேணும் இல்ல?" என்று சொல்லிவிட்டு ஒட்டினார்.

அந்தச் சமயம் தர்மபுரியிலிருந்து ஒரு பெண்கள் சங்கம் வேனில் வந்தது. ஆபாசப் போஸ்டருக்குத் தார் பூசும் போராட்டம். வாளியில் தார், கையில் தென்னை மட்டை, கோஷம். அக்காவையும் கூப்பிட்டார்கள். சந்தோஷமாகப் போனார். முதல் சுவரிலேயே தகராறு. அவர்கள் போஸ்டர்ப் பெண்ணின் முகத்தில் தாரை அள்ளிப் பூசினார்கள். அக்கா நடுவில் போய் நின்றுகொண்டார்.

"மூஞ்சியில பூசாதீங்கம்மா. அவ என்னா பண்ணா? அவளும் ஒருத்தி பெத்த பொண்ணுதான?"

வாழ்த்திப் பேச வந்திருந்த ஓர் ஆள் மைக்கிலேயே சொன்னார்: "இந்த மாதிரி நடிக்கறவளுங்கள ஊரவிட்டே தொரத்தணும்."

"பாக்கறவங்கள எந்த ஊருக்குத் தொரத்துவீங்க, அண்ணா?" என்று அக்கா கீழேயிருந்து கேட்டார். மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு அந்தச் சங்கம் அவரைக் கூப்பிடவில்லை.

இதுதான் அவர், பிள்ளைகளே. அசிங்கத்தின் மேல் கோபம் எல்லாருக்கும் வரும். அந்தப் பெண்ணின் மேல் இரக்கம் அவருக்கு மட்டும் வந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அவர் வீட்டுக்காரர் லாரியில் போனவர், ரொம்ப வருஷமாகத் திரும்பவில்லை. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட்டு ஊரில் நாலு கதை சொல்வார்கள். அக்கா ஒன்றும் சொன்னதில்லை.

பிறகு காலம் மாறியது. பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் உறை போட்டுத் தொங்கவிட்ட புத்தகங்கள் வந்தன, போயின. செல்போன் கடைகளில் மெமரி கார்டில் படம் ஏற்றித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அக்கா ஒரு கடைக்குப் போனார். நானும் அங்கே ரீசார்ஜ் செய்ய நின்றிருந்தேன்.

"படம் எங்கப்பா இருக்குது?"

கடைக்காரர் ஒரு கார்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும்.

"இதுக்குள்ளயா? எத்தன பொம்பளைங்க?"

"அது கெடக்குது நூத்துக்கணக்குல. ஏங்க்கா, இதுக்கும் பேப்பர் ஒட்டப்போறியா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ குருவிக்குஞ்சு மாதிரி இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

கொஞ்ச வருஷத்தில் அந்தத் தியேட்டர் கல்யாண மண்டபம் ஆகிவிட்டது. காலைக் காட்சி இல்லை, போஸ்டர் இல்லை. சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலியும் காதுகுத்தும்தான். "அக்கா ஜெயிச்சுட்டாங்கப்பா" என்று டீக்கடையில் சொன்னார்கள். கேலியாகத்தான் சொன்னார்கள். அக்கா நம்பினார்.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் மினி ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் குடியிருந்தார். அவருக்கு ஒரே மகள். தர்மபுரியில் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். சின்ன வயதிலிருந்து அக்காவோடு உட்கார்ந்து கவர் மடித்தவள். டீச்சர் ஆக வேண்டும், அதுவும் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

அவளிடம் ஒருவன் காதல் என்று வந்தான். வேண்டாம் என்றாள். என்ன செய்கிறேன் பார் என்று போனில் எழுதி அனுப்பினான். சொன்னபடி செய்தான். அவள் முகத்தை மட்டும் எடுத்து, வேறு யாருடைய உடம்பிலோ பொருத்தி ஒரு படம் செய்து அவளுக்கே அனுப்பினான். நாலைந்து பேருக்கும் அனுப்பினான்.

அவள் அப்பாவிடமோ அம்மாவிடமோ போகவில்லை. அக்காவிடம் ஓடினாள். இதை அக்காவே பிறகு என்னிடம் சொன்னார்.

"இது நான் இல்லக்கா. மூஞ்சி மட்டுந்தான் என்னுது."

"தெரியுது கண்ணு. உன்னுது இல்லேன்னாலும் இது யாரோ ஒருத்தி ஒடம்புதான? மொதல்ல அழி."

"அவன் மெரட்டுனது எல்லாம் இதுலதாங்க்கா இருக்குது."

"அதயும் அழி. குப்பைய வூட்டுக்குள்ள வச்சுக்கிட்டு வாசல்ல கோலம் போடுவாங்களா?"

அவள் ஒவ்வொன்றாக அழித்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்தார். படமும் போயிற்று. மிரட்டியவன் எழுதியதும், அவன் நம்பரும் போயின.

பிள்ளைகளே, இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கோ உங்கள் சிநேகிதருக்கோ இப்படி நடந்தால் அழிக்காதீர்கள். அப்படியே வீட்டில் காட்டுங்கள். வீட்டில் திட்டு விழலாம். விழுந்தால் விழட்டும். அக்காவுக்கு இது தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது சுவர். சுவரில் ஒரு படத்தை மூடினால் அது அங்கே இல்லை.

மறுநாள் காலை அக்கா கவர்க் கட்டு இல்லாமல் என் கடைக்கு வந்தார்.

"தம்பி, உன் போன்ல வந்துருக்குதா?"

"என்னாதுக்கா?"

"அந்தப் புள்ள படம்."

"எந்தப் புள்ள?"

பேரைச் சொன்னார். அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது. டயர் மாற்ற நின்றிருந்த லாரிக்காரருக்கும், பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியாது. இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

"க்கா, இப்பிடிக் கேட்டுக்கிட்டு வராதீங்க. கேக்கறதுலயே பரவிடும்" என்றேன்.

"கேக்காம எப்பிடி அழிக்கறது? செவுருன்னா நானே பாத்துக்குவேன். இது அவனவன் பாக்கெட்ல இருக்குது. அவனவந்தான் அழிக்கணும்."

வீடு வீடாகப் போனார். கதவைத் தட்டி, கையைக் கும்பிட்டு, "அந்தப் புள்ள படம் வந்திருந்தா அழிச்சு வுடுங்க சாமி. அது பொய்யி. நாளைக்கு நம்ம புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித்தரப்போறவ" என்று சொன்னார். படம் வந்திருந்தவர்கள் அவர் கண் முன்னாலேயே அழித்துக் காட்டினார்கள். வராதவர்கள் "என்னா படம்?" என்று கேட்டார்கள். அக்கா போன பிறகு யாரிடமோ கேட்டு வாங்கினார்கள். நாலைந்து பேரிடம் இருந்தது இரண்டு மூன்று நாளில் மாவட்டத்தின் அந்தக் கோடி, ஏரியூர்ப் பக்கம் வரைக்கும் போய்விட்டது.

கடைசிப் பரீட்சை வந்தது. அவள் போனாள். கல்லூரி வாசலில் யாரோ போனைப் பார்த்துவிட்டு இவளைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள். மிச்சப் பரீட்சைக்கும் போகவில்லை.

அப்போதுதான் அவள் அப்பா போலீசில் சொல்லலாம் என்று சம்மதித்தார். மினி ஆட்டோவில் அப்பாவும் மகளும், அக்கா, துணைக்கு நான். ஸ்டேஷனில் இருந்த போலீஸ் அம்மா நல்லபடியாகத்தான் பேசினார். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"மெரட்டுன மெசேஜ் இருக்குதாம்மா?"

"அழிச்சுட்டேங்க மேடம்."

"அய்யோ. யாரும்மா அழிக்கச் சொன்னது?"

"நானாத்தாங்க அழிச்சேன்" என்றாள் அவள்.

"இல்லீங்க. நாந்தாஞ் சொன்னேன்" என்றார் அக்கா.

அந்த அம்மா கையை நீட்டினார். "போனக் குடுங்க, லேபுக்கு அனுப்பிப் பாக்கலாம். வந்தாலும் வரும், வராமயும் போகும். இல்லேன்னா மொதல்ல வந்த படம், அவன் நம்பரோட, யார் போன்லயாவது இருந்தாக் கொண்டாங்க. ஒருத்தர் போதும்."

"அதுக்கென்னங்க" என்று அக்கா எழுந்துவிட்டார். முகத்தில் ஒரு வெளிச்சம். "ஊர்ல பாதிப் பேர்கிட்ட இருந்துது. கேட்டா தராமயா போயிடுவாங்க?"

திரும்பவும் வீடு வீடாகப் போனார். போன தடவை தட்டிய அதே கதவுகள்.

"நீ வந்து சொன்ன அன்னிக்கே அழிச்சுட்டமேக்கா."

"உங் கண்ணு முன்னாடிதான அழிச்சேன்? நீயே பாத்தியே."

"எம் புள்ள அந்த மாதிரிப் புள்ள இல்ல. வெளிய போக்கா மொதல்ல."

எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அவர் சொல்லிக்கொடுத்த பாடத்தையே அவரிடம் ஒப்பித்தார்கள். இருப்பதாகச் சொன்னால் பார்த்ததாக ஆகும். வைத்திருந்ததாக ஆகும். யாருக்கு வேண்டும் அந்த வம்பு? சாயங்காலம் டீக்கடை முன்னால் நின்று அக்கா கும்பிட்டார்.

"அழிக்கலேன்னு ஒருத்தராவது சொல்லுங்கய்யா. நான் யாரையும் தப்பா நெனைக்கமாட்டேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன். அந்தப் புள்ள பொழைச்சுப் போகட்டும்."

பெஞ்சிலிருந்து ஒருத்தன் சொன்னான்: "அழிங்கன்னதும் இவங்கதான். இப்ப படத்தக் குடுங்கன்னு கேக்கறதும் இவங்கதான். அக்காவுக்கே பாக்கணும்னு ஆச வந்துடுச்சுப்பா."

சிரித்தார்கள். கட்சிக்காரர்களையும் மைக்கில் பேசியவரையும் ஒரே வார்த்தையில் உட்காரவைத்தவர் அவர். அன்றைக்குச் சேலைத் தலைப்பை எடுத்துத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெஞ்சின் மூலையில் படம் செய்து அனுப்பினவனும் உட்கார்ந்திருந்தான். டீயை ஊதி ஊதிக் குடித்தான். இன்றைக்கும் அங்கேதான் டீ குடிக்கிறான்.

போனை அனுப்பிப் பார்க்க அவள் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "ஸ்டேஷன் படி ஏறுனதே போதுங்க" என்றார். அவளை ஓசூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாஸ்டலில் தங்கிக்கொண்டு வேலை. அவள் போகும்போது அக்கா வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

போன மாதம் அக்கா வந்து, "ஒரு நட ஓசூருக்குக் கூட்டிக்கிட்டுப் போறியா தம்பி?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போனோம். ஹாஸ்டல் கேட் பக்கத்தில் ஒரு மரத்தடியில் நின்றோம். அவள் வந்தாள். முகத்தில் மாஸ்க். இளைத்திருந்தாள். அக்கா கொண்டுபோன முறுக்கை வாங்கிக்கொண்டாள்.

"நல்லா இருக்கறீங்களாக்கா?"

"இருக்கறேன் கண்ணு. நீ வா. வந்து மிச்சப் பரீட்சய எழுது. ஊர்ல இப்ப யாரும் அதப் பத்திப் பேசறதில்ல. எல்லாம் போயிடுச்சு."

அக்கா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளுக்கும் அது தெரிந்திருக்கும். முறுக்குப் பையின் முடிச்சைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"இங்கயும் வந்துடுச்சுக்கா. என் ரூம்ல இருக்கற பொண்ணே காட்டுனா. நானுன்னு தெரியாமத்தான் காட்டுனா. உன்னாட்டமே ஒரு பொண்ணு இருக்குது பாருன்னு."

"நீ என்னா சொன்ன?"

"ஆமாம், என்னாட்டமே இருக்குதுன்னேன்."

ஹாஸ்டலில் மணியடித்தது. அவள் உள்ளே போனாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டம். எங்களுக்கு இடம் கிடைத்தது. சின்னவர், பெரியவர், ஆம்பிளை, பொம்பிளை, முன்னால் பின்னால் எல்லாரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். சூளகிரி தாண்டியதும் என் காதோரம் கேட்டார்.

"இதுல எத்தன பேருகிட்ட இருக்கும் தம்பி?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னேன். அவர் பார்வை என் முகத்திலிருந்து இறங்கிச் சட்டைப் பையில் நின்றது. பிறகு சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் போனை எடுத்து, திறந்து, அவர் மடியில் வைத்தேன்.

"நீங்களே பாத்துக்கோங்கக்கா. ஒண்ணும் இல்ல."

அவர் அதைத் தொடவில்லை.

"வேணாம் தம்பி. எல்லாரும் அப்பிடித்தான சொன்னாங்க."

கிருஷ்ணகிரி வந்தது, போயிற்று. போனில் வெளிச்சம் தானாக அணைந்தது. அவர் மடியிலிருந்து அதை எடுத்துக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.